பையன் விரல்ல மரு: சுடணுமா, கரைக்கணுமா, விட்டுடலாமா?

தாமரை_அம்மா

எல்லாருக்கும் வணக்கம். பையன் நாலாம் வகுப்பு. வலது கை மோதிர விரல்ல, நகத்தை ஒட்டி, சொரசொரன்னு ஒரு மரு. ஏதோ முள்ளு குத்தின இடம் காய்ச்சுப் போயிருக்குன்னுதான் முதல்ல நினைச்சோம். இப்ப பக்கத்து விரல்லயும் உள்ளங்கையிலயும் சின்னச் சின்னதா கிளம்பியிருக்கு. அவனுக்கு நகம் கடிக்கிற பழக்கம் உண்டு, அதையும் சொல்லிடறேன்.

கிளினிக்ல காட்டினோம். பார்த்த உடனே "மரத்துப்போக ஊசி போட்டு சுட்டுடலாம், ஒரு மருவுக்கு இவ்வளவு"ன்னு கணக்கு சொல்லிட்டாங்க. மாமியார் வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போய்க் குளத்துல வெல்லம் கரைச்சு, உப்பு மிளகு போட்டுட்டு வந்தா தானா உதிரும்ங்கறாங்க. வீட்டுக்காரர் தூஜாங்கற ஹோமியோபதி மருந்துக் கட்சி. ஸ்கூல்ல பக்கத்துல உக்கார்ற பையன் கை கோக்க மாட்டேங்கறானாம், அதுதான் இவனுக்குப் பெரிய வருத்தம். அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

ஊர்க்குருவி

அம்மான் பச்சரிசிச் செடி வீட்டுப் பக்கம் இருக்கும் பாருங்க, காம்பைக் கிள்ளினா பால் வரும். அதை வச்சாலே போதும். என் கழுத்துல வரிசையா இருந்தது, ஒண்ணு ரெண்டு குதிரை முடியால கட்டிவிட்டாங்க, மிச்சத்துக்கு இந்தப் பால். எல்லாம் போச்சு. காசு செலவே இல்ல.

மருந்துக்கடை_மாமா

குருவிம்மா, கோவிச்சுக்காதீங்க. உங்க கழுத்துல இருந்ததும் அந்தப் பையன் விரல்ல இருக்கறதும் ஒரே சரக்கு இல்ல. கழுத்து, அக்குள் மடிப்புல மெத்துனு, காம்போட தொங்குமே, அது வெறும் தோல் தொங்கல். வைரஸும் கிடையாது, ஒட்டவும் ஒட்டாது. அதைக் கட்டினா ரத்த ஓட்டம் நின்னு உதிரும், வாஸ்தவம். (கழுத்தும் சேர்ந்து கருத்து, வெல்வெட் மாதிரி தடிச்சிருந்தா சர்க்கரை ஒரு தடவை பார்த்துடுங்க. என் கடைக்கு மரு மருந்து கேட்டு வந்தவங்கள்ல சில பேரை அப்படித்தான் லேபுக்கு அனுப்பினேன்.)

விரல்ல சொரசொரப்பா, காலிஃப்ளவர் பூ மேல்பக்கம் மாதிரி இருக்கறதுதான் வைரஸ் மரு. அதைக் கட்ட முடியாது, காம்பே கிடையாது. அப்புறம் நடுவுல குழியோட, முத்து மாதிரி பளபளன்னு குழந்தைகளுக்கு உடம்புல வருமே, அது மூணாவது ஜாதி. அம்மை இனத்து வைரஸ், வைத்தியமும் வேற. நம்ம ஊர்ல இந்த மூணையும் மரு, பாலுண்ணின்னு ஒரே கூடைல போட்டுடறாங்க. அதனாலதான் ஒருத்தருக்குக் கேட்ட வைத்தியம் இன்னொருத்தருக்குக் கேக்க மாட்டேங்குது.

வேதியியல்_வாத்தியார்

பச்சரிசிப் பாலாவது பரவாயில்லை, அதுவும் கண்ணில் பட்டால் ஆபத்து என்பதை மறக்க வேண்டாம். எருக்கம்பாலும் அப்படியே. கண் எரிந்து சிவந்து பார்வை மங்கும். பட்டால் உடனே தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு கண் மருத்துவரிடம் ஓட வேண்டும்.

எனக்கு அதைவிடப் பயம் சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் குழைத்து வைக்கும் வைத்தியத்தின் மேல்தான். அந்த இரண்டும் ஈரத்தில் சேர்ந்தால் கிடைப்பது காஸ்டிக் சோடா. ஆய்வகத்தில் மாணவர்களைக் கையுறை இல்லாமல் தொட விடமாட்டோம். அதைக் குழந்தை விரலில் வைத்துத் துணி கட்டுகிறார்கள்! மருவோடு நல்ல சதையும் வெந்து, தழும்பு ஆயுசுக்கும் நிற்கும். சேராங்கொட்டை பக்கமும் போகாதீர்கள்.

தோலியல்_மாணவர்

தோல் மருத்துவ மேற்படிப்பில் இருக்கிறேன். நேரில் பார்க்காமல் இந்தக் குழந்தைக்கு இதுதான் என்று சொல்ல மாட்டேன். பொதுவான விஷயங்களைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும்.

மருவுக்குக் காரணம் ஹெச்பிவி என்ற வைரஸ் குடும்பம். இருநூறுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. கை மருக்களில் பெரும்பாலும் 2, 4, 27, 57 ஆகிய எண்கள். பாதத்தில் 1-ம் எண்ணும் சேரும். இது தொற்று என்று இத்தாலியில் சியூஃபோ 1907-லேயே காட்டிவிட்டார். மருவை அரைத்து, பாக்டீரியா நுழைய முடியாத வடிகட்டியில் வடித்த சாற்றைத் தோலில் செலுத்தினார். சில மாதங்களில் அங்கே மரு வந்தது.

வைரஸ் முழுத் தோலைத் துளைத்துக்கொண்டு போகாது. கீறல், நகம் கடித்த ஈரக் காயம், ஊறி வெளுத்த பாதம் என்று ஏதாவது சின்ன வாசல் வேண்டும். உள்ளே போய் மேல்தோலின் அடியடுக்கில் உட்கார்ந்துகொள்ளும். அந்தச் செல்கள் மேலே வர வர வைரஸும் பெருகி, உதிரும் செதிலோடு வெளியே போகும். ரத்தத்துக்குள் அது போவதே இல்லை, செல்லை வெடிக்க வைப்பதும் இல்லை. அதனால் நோய் எதிர்ப்புச் சக்திக்கு ரொம்ப நாள் செய்தியே எட்டாது. தொட்ட நாளுக்கும் மரு தெரியும் நாளுக்கும் நடுவில் மாதக் கணக்கில் இடைவெளி வருவதும் இதனால்தான். யாரிடமிருந்து ஒட்டியது என்று தேடுவது வீண் வேலை.

உடம்பு ஒருநாள் கண்டுகொள்ளும். அப்போது மொத்தமாகவே போய்விடும். குழந்தைகளில் மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு இரண்டு வருஷத்துக்குள் எந்த வைத்தியமும் இல்லாமல் மறைகிறது. பெரியவர்களுக்கு இதைவிட இழுக்கும்.

இன்னொன்று, மருவுக்கு வேர் கிடையாது. "வேரோடு எடுத்தாச்சு" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். மரு மேல்தோலோடு நிற்கும் சமாச்சாரம். மேலே சீவினால் தெரியும் கறுப்புப் புள்ளிகள் ரத்தம் உறைந்த நுண்குழாய்கள். அதை வேர் என்று நினைத்து ஊசியால் தோண்டி, கையில் மருவும் சீழும் சேர்ந்து வருகிறவர்களை ஓ.பி.யில் பார்க்கிறோம்.

நகத்தை ஒட்டிய மருவைச் சுடுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. நகம் பிறக்கும் இடத்தில் சூடு பட்டால் நகம் பிளந்தோ கோணலாகவோ வளரும், திரும்பச் சரியாகாமலும் போகலாம். எவ்வளவு சுட்டாலும் ஓரத் தோலில் வைரஸ் மிச்சம் இருக்கும், திரும்ப வரும். ஒன்பது வயதுக் குழந்தைக்கு அது முதல் வைத்தியம் ஆகாது.

கோவை_கண்ணன்

//குழந்தைகளில் மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு இரண்டு வருஷத்துக்குள்//

ஆக வெல்லம் கரைச்சாலும் போகும், கரைக்காட்டியும் போகும்! அந்தக் கோயில் குளம், சித்தாமிர்த தீர்த்தத்துக்கு நம்ம ஊர்ல இருக்கிற பேருக்கு இதுதான் காரணமோ? :)

ஊர்க்குருவி

கிண்டல் வேணாம் தம்பி. கோயிலுக்குப் போனா தோலுக்கு ஒரு கெடுதலும் இல்ல. சுட்டு நகத்தைக் கெடுத்துக்கறதுக்கு வெல்லம் தேவலாம்.

தோலியல்_மாணவர்

குருவி அம்மா சொன்னதில் நியாயம் இருக்கிறது. கோயிலுக்குப் போய்விட்டுக் காத்திருக்கும் குடும்பம், குழந்தையைப் படுத்தாமல் காத்திருக்கிறது. என் பேராசிரியர் ஒருவரே அப்படி வருபவர்களிடம் "நல்லது, போய்ட்டு வாங்க, கூடவே இந்தப் பூச்சையும் போடுங்க" என்பார்.

தூஜா_ரசிகன்

தூஜா 200 சாப்பிட்டு என் தங்கைக்கு முகத்துல இருந்த அத்தனையும் போச்சு. அலோபதிக்காரங்க ஏத்துக்க மாட்டாங்க. கண்ணால பார்த்ததை எப்படி இல்லைன்னு சொல்றது?

கோவை_கண்ணன்

பார்த்ததை இல்லைன்னு யாரும் சொல்லல ப்ரோ. தானா போற வியாதிக்கு எதைக் குடுத்தாலும் வெற்றிதான். தூஜா, வெல்லம், பக்கத்து வீட்டுப் பாட்டி மந்திரிச்சது, எல்லாத்துக்கும் இதே மாதிரி சாட்சி உண்டு. மருந்து குடுத்த கூட்டம், சும்மா மாத்திரை குடுத்த கூட்டம்னு ரெண்டா பிரிச்சுப் பார்க்கணும். கனடாவுல 1992-ல பாத மருவுக்கு ஹோமியோபதி மருந்து குடுத்து அப்படித்தான் பார்த்தாங்க, வித்தியாசம் வரல.

தூஜா_ரசிகன்

அவங்க ஆளுக்கு ஆள் மருந்தை மாத்தாம எல்லாருக்கும் ஒரே மருந்தைக் குடுத்திருப்பாங்க. ஹோமியோபதி அப்படி இல்ல. சரி, உங்க வழி உங்களுக்கு.

மருந்துக்கடை_மாமா

சண்டைய விட்டுட்டு வேலைக்கு வருவோம். தாமரை, டாக்டர் சரின்னு சொன்னா சாலிசிலிக் ஆசிட் பெயிண்ட் இருக்கு. சாலிசிலிக்கும் லாக்டிக்கும் தலா 16.7 சதவீதம் சேர்ந்து சின்ன பாட்டில்ல வரும். எல்லாக் கடையிலயும் இருக்கு. ஆனா வாங்கிட்டுப் போறவங்கள்ல பாதிப் பேர் ஒரு வாரம் தடவிட்டு "கேக்கல"ன்னு தூக்கிப் போட்டுடறாங்க. இது மூணு மாசத்து வேலை.

ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி விரலை வெதுவெதுப்பான தண்ணில அஞ்சு பத்து நிமிஷம் ஊற வைங்க. வெளுத்து மெத்துனு ஆகும். அட்டை நக அரம் இருக்கு பாருங்க, அதால மேல இருக்கற வெள்ளைத் தோலை மெதுவா தேயுங்க. ரத்தம் வரக்கூடாது, வலிக்கக்கூடாது. தேய்ச்ச அரத்தை நல்ல நகத்துக்குப் பயன்படுத்தாதீங்க. அட்டையா இருந்தா கிழிச்சுப் போட்டுட்டே போலாம். நல்லா துடைச்சு, சுத்தி இருக்கற நல்ல தோல்ல வாஸ்லின் வேலி கட்டிடுங்க. அப்புறம் மூடியில இருக்கற குச்சியால மரு மேல மட்டும் ஒரு சொட்டு. காஞ்சு வெள்ளையா ஒரு ஏடு படியும். அது மேல பிளாஸ்திரி. மறுநாள் அந்த ஏட்டை உரிச்சுட்டுத் திரும்ப அதேதான்.

புண்ணாச்சுன்னா ரெண்டு மூணு நாள் விட்டுட்டு ஆரம்பிங்க. முகத்துக்கு இது ஆகவே ஆகாது. பிளாஸ்திரி ஒட்டறதுல இன்னொரு லாபம், பையன் அந்த விரலைக் கடிக்க மாட்டான். கடிச்சா உதட்டுலயும் வரும்.

எப்ப நிறுத்தறதுன்னு கேப்பாங்க. விரல் ரேகை மரு இருந்த இடத்துல உடையாம தொடர்ந்து ஓடினா போயிடுச்சுன்னு அர்த்தம். அது வரைக்கும் விடாதீங்க.

தாமரை_அம்மா

ரொம்ப நன்றி மாமா. மருவை உறைய வைக்கற கிரையோன்னு ஒண்ணு சொல்றாங்களே, அது எப்படி?

ஓட்டக்காரன்

கிரையோவை நான் காலில் வாங்கியிருக்கேன், சொல்றேன். காலை ஓட்டம் போகிற ஆள். குதிகால்ல கல்லு மேல மிதிச்ச மாதிரியே வலி. கால் ஆணின்னு சொல்லி கார்ன் கேப் ஒட்டச் சொன்னாங்க. கடைசில பார்த்தா அது பாத மரு. ஒரு தோல் டாக்டர் பிளேடால மேலத் தோலைச் சீவிக் காட்டினார், உள்ள கறுப்புக் கறுப்பா புள்ளி. கால் ஆணியா இருந்தா நடுவுல கண்ணாடி மாதிரி கெட்டியா ஒரு மையம் தெரியுமாம், புள்ளி இருக்காதாம். இன்னொரு சோதனையும் செஞ்சார். நேரா அழுத்தினதை விட ரெண்டு பக்கமும் கிள்ளினப்பதான் உயிர் போச்சு. கிள்ளினா வலிக்கறது மருவாம், நேரா அழுத்தினா வலிக்கறது ஆணியாம்.

திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி. பீய்ச்சும்போது வெள்ளையா உறைஞ்சு, முதல்ல ஒண்ணும் தெரியாது. உருக ஆரம்பிக்கறப்பதான் இருக்கு கச்சேரி. மறுநாள் ரத்தக் கொப்புளம், நொண்டி நொண்டித்தான் ஆபீஸ். கொப்புளம் ஆறினதும் பார்த்தா நடுவுல சுத்தம், சுத்தி வளையமா மரு! உளுந்து வடை மாதிரி. ரெண்டு மூணு வார இடைவெளில திரும்பத் திரும்பப் போகணும். கடைசில போச்சு, ஆனா கிரையோவாலயா தானாவான்னு சத்தியம் பண்ண மாட்டேன்.

தோலியல்_மாணவர்

வளைய மரு கிரையோவுக்குப் பிறகு வருவது தெரிந்த விஷயம்தான். பாதத்தைப் பற்றி உங்கள் சந்தேகமும் சரி. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் பாத மரு உள்ள 240 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2011-ல் வந்தது. ஒரு பகுதிக்கு 50 சதவீத சாலிசிலிக் பூச்சு, இன்னொரு பகுதிக்கு கிரையோ. 12 வாரத்தில் முழுசாகக் குணமானது இரண்டிலும் 14 சதவீதம்தான். வீட்டில் தடவுவதும், காசு கொடுத்துக் கொப்புளம் வாங்குவதும் பாதத்தைப் பொறுத்தவரை ஒன்று.

கை மருவில் கதை வேறு. 2010-ல் நெதர்லாந்தில் செய்த ஆய்வில் சாதாரண மருவுக்கு 13 வாரத்தில் கிரையோ 49 சதவீதம், சாலிசிலிக் 15, சும்மா விட்டவர்கள் 8. அதனால் கைக்கு கிரையோ நல்ல ஆயுதம்தான். ஆனால் நம் நிறத் தோலில் உறைய வைத்த இடம் வெளுத்துப் போய் மாதக் கணக்கில், சிலருக்கு நிரந்தரமாகவே, வெள்ளைப் பொட்டாக நிற்கும். சின்னக் குழந்தைகள் வலி தாங்க மாட்டார்கள். எத்தனை சதவீதம் என்று மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாத இடம் இது. பொறுக்கிற குழந்தையா, மரு எங்கே இருக்கிறது, எத்தனை நாளாக இருக்கிறது என்று எல்லாம் பார்த்துத்தான் நான் சொல்வேன்.

சலூன்_பாதிப்பு

நடுவில் புகுந்ததுக்கு மன்னிக்கணும். எனக்குத் தாடையில் தட்டையா, தோல் நிறத்திலேயே குட்டிக் குட்டிப் பருக்கள். ஷேவிங் செஞ்ச கோட்டிலேயே வரிசையா நிக்குது. பரு க்ரீம் எல்லாம் தடவிப் பார்த்தாச்சு. இதுவும் மருவா?

தோலியல்_மாணவர்

வரிசையாக நிற்பதே துப்பு. தட்டை மருவாக இருக்க வாய்ப்பு அதிகம். இது பெரும்பாலும் ஹெச்பிவி 3, 10 எண்கள். பிளேடு ஓடிய கீறல் வழியாக வைரஸ் விதைக்கப்படுகிறது. முதலில் ஒட்ட மழிப்பதை நிறுத்துங்கள், டிரிம்மர் போதும். சாலிசிலிக் பெயிண்ட் முகத்துக்கு வேண்டாம். ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ) வகைக் க்ரீமை மருத்துவர் பார்த்துத் தருவார். பரு க்ரீம் என்ற பெயரில் ஸ்டீராய்டு கலந்த க்ரீம் ஏதாவது தடவியிருந்தால் உடனே நிறுத்திவிட்டு, மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள். அது அந்த இடத்து எதிர்ப்பைத் தூங்க வைத்து மருவைப் பரப்பும்.

ஒரு நாள் திடீரென எல்லாம் சிவந்து அரித்தால் பயப்படாதீர்கள். தட்டை மரு மொத்தமாக மறைவதற்கு முன்னால் பல பேருக்கு அப்படி ஆகும்.

நெல்லைக்காரி

அப்பாவுக்கு 62 வயசு, பதினஞ்சு வருஷமா சுகர். உள்ளங்கால்ல மரு மாதிரி கருப்பா ஒண்ணு. மாமா சொன்ன அந்த பெயிண்டை அவருக்கும் தடவலாமா?

மருந்துக்கடை_மாமா

வேண்டாம்மா, தொடவே தொடாதீங்க. சர்க்கரை உள்ளவங்க கால்ல ஆசிட் கூடாது, கார்ன் கேப்பும் கூடாது, அதுலயும் அதே ஆசிட்தான். உணர்ச்சி குறைஞ்ச கால்ல வெந்தாக்கூட தெரியாது. அந்தப் புண் அப்புறம் ஆறாது.

தோலியல்_மாணவர்

மாமா சொன்னதற்கு மேல் ஒன்று. வயதானவருக்கு உள்ளங்காலில் புதிதாகக் கறுப்பாக வந்தது என்றால் இணையத்தில் கேட்கிற விஷயமே இல்லை. நம் நிறத்தவர்களுக்கு மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வருவது அரிது. வந்தால் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில்தான் வரும். மரு என்றே நினைத்துக் காலம் கடத்திவிடுவார்கள். இந்த வாரமே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். தேவைப்பட்டால் சின்னத் துண்டு எடுத்துப் பரிசோதிப்பார்கள். பெரும்பாலும் பயப்பட ஒன்றும் இருக்காது, ஆனால் பார்த்துவிட வேண்டும்.

நெல்லைக்காரி

நாளைக்கே கூட்டிட்டுப் போறேன். நன்றி சார்.

கை_நிறைய_மரு

எனக்கு ரெண்டு கையிலயும் சேர்த்து எண்ண முடியாத அளவுக்கு இருந்தது. சுட்டேன், வந்தது. உறைய வச்சேன், வந்தது. கடைசில ஒரு டாக்டர் தட்டம்மைக்கெல்லாம் போடற எம்எம்ஆர் தடுப்பூசியை எடுத்து இருக்கறதுலயே பெரிய மருவுக்குள்ள குத்தினார். "குழந்தைக்குப் போடற ஊசியா?"ன்னு சிரிப்பா இருந்தது. ஊசி போட்டது வலது கையில, உதிர ஆரம்பிச்சது இடது கையில! ராத்திரி லேசா காய்ச்சல் வந்தது, மத்தபடி ஒண்ணும் இல்ல.

கோவை_கண்ணன்

இது எப்படி வேலை செய்யுது? மருவுக்கும் தட்டம்மைக்கும் என்ன சம்பந்தம்?

தோலியல்_மாணவர்

நேரடிச் சம்பந்தம் ஒன்றும் இல்லை. மேலே சொன்னேனே, உடம்பு ரொம்ப நாள் மருவைக் கண்டுகொள்வதே இல்லை என்று. ஏற்கெனவே தெரிந்த எதிரியை மருவுக்குள் கொண்டுபோய் வைத்தால் பாதுகாப்புச் செல்கள் அங்கே கூடுகின்றன. கூடிய இடத்தில் ஹெச்பிவியையும் பார்த்துவிடுகின்றன. பார்த்த பிறகு உடம்பில் எங்கே மரு இருந்தாலும் விடாது. இதே நோக்கத்தில், நோயாளியின் மருவிலேயே ஒரு துணுக்கை எடுத்து அவர் முன்கைத் தோலுக்கடியில் பதிக்கும் முறையும் நம் நாட்டில் செய்கிறார்கள். எல்லோருக்கும் பலிக்காது. எம்எம்ஆர் உயிருள்ள தடுப்பூசி என்பதால் கர்ப்பிணிகளுக்கும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் கூடாது.

என்னைக் கேட்டால் பல மரு, திரும்பத் திரும்ப வருகிற மரு என்றால் ஒவ்வொன்றாகச் சுட்டுக்கொண்டிருப்பதைவிட இந்த வழி புத்திசாலித்தனம். ஒரு மருவுக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் இடங்களில் இதை அதிகம் பேச மாட்டார்கள், ஏன் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

தாமரை_அம்மா

ஹெச்பிவின்னதும் பயமா இருக்கு. அது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வைரஸ் இல்லையா? தடுப்பூசி போட்டா மருவும் வராதா?

தோலியல்_மாணவர்

குடும்பம் ஒன்று, ஆள் வேறு. புற்றுநோய்க்குப் பெரும்பாலும் காரணம் 16, 18. அந்தத் தொடர்பைக் கண்டதற்காகத்தான் ஹரால்ட் சூர் ஹாசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. மகன் விரலில் இருக்கும் சாதாரண மரு அப்படி மாறுவதில்லை. தடுப்பூசியும் முக்கியமாக அந்த எண்களைக் குறிவைத்ததுதான். 2023 தொடக்கத்தில் வந்த நம் நாட்டு செர்வாவாக் 6, 11, 16, 18 ஆகிய நான்குக்கு. கை மருவுக்காக அதைப் போட வேண்டாம், ஆனால் பெண் குழந்தை இருந்தால் தடுப்பூசிக்குரிய வயதில் அதன் வேலைக்காகவே போடுங்கள்.

பிறப்புறுப்பில் மரு உள்ளவர்கள் யாராவது கூச்சப்பட்டுக்கொண்டு இந்த இழையைப் படித்தால்: மேலே சொன்ன பெயிண்ட் அங்கே கூடவே கூடாது. அரசு மருத்துவமனை பால்வினை நோய்ப் பிரிவில் தனியாகப் பார்ப்பார்கள், யாருக்கும் சொல்ல மாட்டார்கள்.

தாமரை_அம்மா

வீட்டுல பேசி, பெயிண்டோட ஆரம்பிக்கறதா முடிவு. சுடறது இப்ப இல்ல. இவருக்கும் சம்மதம், மாமியாருக்கு வைத்தீஸ்வரன் கோயில் டிக்கெட் போட்டாச்சு. ஸ்கூல் விஷயம்தான் பாக்கி. நீச்சல் வகுப்புக்கு அனுப்பலாமா? சானிடைசர் போட்டா போதுமா?

தோலியல்_மாணவர்

சானிடைசரை நம்ப வேண்டாம், இந்த வைரஸ் ஸ்பிரிட்டுக்கு எளிதில் மசியாது. சோப்புப் போட்டுக் கழுவுவதே மேல். தண்ணீர் புகாத பிளாஸ்திரி ஒட்டிவிட்டு நீச்சலுக்குப் போகலாம், துண்டு மட்டும் தனி. பள்ளிக்கு லீவு தேவையே இல்லை. வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பிளாஸ்திரிக்குள் இருக்கும் மரு கை கோத்தால் ஒட்டிவிடாது என்று அவர் வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் கேட்பார்கள்.

ஓட்டக்காரன்

மாமா, எனக்கு ஒரு சந்தேகம். என் பெயிண்ட் பாட்டில் வாங்கி கொஞ்ச நாள்தான் ஆச்சு, அதுக்குள்ள தேன் மாதிரி கெட்டியாயிடுச்சு. தண்ணி விட்டுக் கலக்கலாமா?

மருந்துக்கடை_மாமா

தண்ணியும் வேணாம், ஸ்பிரிட்டும் வேணாம். அதுல இருக்கற ஈதர் ஆவியாயிடுச்சு, இனிமே அது சரியா ஏடு படியாது, மருந்தோட அளவும் நம்ப முடியாது. வேற வாங்கிடுங்க. ஒவ்வொரு தடவையும் குச்சியை எடுத்த உடனே மூடி, பாட்டில் கழுத்தைத் துடைச்சு இறுக்கி வைங்க. குளிர்ச்சியான இடமா வைங்க, ஆனா அடுப்பு, சாமி விளக்குப் பக்கம் வைக்காதீங்க. சட்டுனு தீப்பிடிக்கற சரக்கு அது.